மூத்தோருக்கு மவுஸ் கற்றுக்கொடுப்பது எப்படி: முதல் பிடியிலிருந்து படிப்படியாக

நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கைத்தொலைபேசியை நன்றாகவே கையாளுகிறார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள், காப்பிக் கடையில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து காசு கட்டுவார்கள். அவர்களையே கணினி முன் உட்கார வைத்து மவுஸைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கை வியர்த்துவிடுகிறது. "எனக்கு இதெல்லாம் வராது தம்பி" என்று எழுந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் தொண்டூழியராகக் கணினி சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது பழகிப்போன காட்சி.

தொலைபேசியில் தொடும் இடமும் பார்க்கும் இடமும் ஒன்றே. மவுஸில் கை மேசையில் இருக்கிறது, கண் திரையில் இருக்கிறது. இந்த இரண்டையும் இணைக்கக் கைக்குச் சற்று நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல், முதல் ஐந்து நிமிடத்திலேயே "இதை டபுள் கிளிக் பண்ணுங்க" என்கிறோம். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒன்று கைக்கு வந்த பிறகே அடுத்ததுக்குப் போகவேண்டும்.

1. மவுஸ், மேசை, நாற்காலி

பழகுவதற்குக் கம்பி உள்ள மவுஸே நல்லது. பேட்டரி தீராது, தொலைந்துபோகாது. முக்கியமான காரணம் வேறு: கம்பி இருக்கும் பக்கம்தான் முன்பக்கம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். கம்பியில்லா மவுஸைப் புதிதாகப் பிடிப்பவர் அதைத் தலைகீழாகத் திருப்பி வைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அளவைப் பாருங்கள். மடிக்கணினிப் பையில் போடுவதற்கென்றே செய்த குட்டி மவுஸ் பெரியவர்களுக்கு வேண்டாம். அதை விரல் நுனியால் கவ்வித்தான் பிடிக்கவேண்டும், விரைவில் விரல் வலிக்கும். உள்ளங்கை மேலே சாய்ந்து படுக்கும் அளவு வேண்டும். சிம் லிம் ஸ்குவேரிலோ முஸ்தஃபாவிலோ வாங்குவதாக இருந்தால் அவரையே அழைத்துப் போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில புதிய மடிக்கணினிகளில் சிறிய யூஎஸ்பி-சி துளை மட்டுமே இருக்கும். அப்படியானால் அதற்கான இணைப்பியையும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்து மேசை. பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சாப்பாட்டு மேசைதான் கணினி மேசை, அதிலும் கண்ணாடி போட்ட மேசை. மவுஸின் அடியில் உள்ள சிறு விளக்கும் உணரியும் மேசைப் பரப்பை ஓயாமல் படம் எடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் என்ன மாறியது என்று பார்த்துத்தான் அசைவைக் கண்டுபிடிக்கின்றன. தெளிந்த கண்ணாடியில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. அதனால் மவுஸோடு சேர்ந்து திரையில் நகரும் அம்பு நிற்கும், குதிக்கும். பெரியவரோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். மவுஸ் பேட் இல்லாவிட்டால் பழைய தமிழ் முரசு ஒன்றை மடித்துப் போடுங்கள், அச்செழுத்து உள்ள தாளில் மவுஸ் நன்றாகவே ஓடும்.

மவுஸ் ஓட ஓர் ஏ4 தாள் அளவு இடமாவது காலியாக இருக்கட்டும். முதல் நாள் விசைப்பலகையை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள், அது இப்போது தேவையில்லை. முழங்கை மேசை உயரத்துக்கு வரவேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் தலையணை போடுங்கள். கால் தொங்கினால் கீழே ஒரு பலகை வையுங்கள். தோள் தூக்கியபடி இருந்தால் கை இறுகும், இறுகிய கையால் சின்ன அசைவு செய்ய முடியாது.

2. அவர் வருவதற்கு முன் கணினியில் மாற்ற வேண்டியவை

இவற்றை அவர் முன்னால் செய்யாதீர்கள். நீங்கள் சர்சர்ரென்று பத்து இடம் கிளிக் செய்வதைப் பார்த்தாலே அவருக்கு மிரட்சி வந்துவிடும். இங்கே சொல்வது விண்டோஸ் 11-க்கு.

அம்பைப் பெரிதாக்குங்கள். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதில் 'மவுஸ் பாயிண்டர் அண்ட் டச்'. அளவை 3 அல்லது 4 என்று வையுங்கள், நிறம் மஞ்சளோ பச்சையோ. அம்பு எங்கே என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

வேகத்தைக் குறையுங்கள். செட்டிங்ஸில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதில் மவுஸ். பாயிண்டர் வேகம் வழக்கமாக 10-இல் இருக்கும், 6 அல்லது 7-க்கு இறக்குங்கள். அதற்கும் கீழே போகவேண்டாம். மிக மெதுவாக இருந்தால் திரையைக் கடப்பதற்குள் மேசை தீர்ந்துவிடும்.

அதே பக்கத்தில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது, அதே தூரத்தைக் கை வேகமாகக் கடந்தால் அம்பு அதிகம் ஓடும், மெதுவாகக் கடந்தால் குறைவாக ஓடும். பழகிய கைக்கு அது உதவி. புதிய கைக்கோ கணக்கு பிடிபடாது. இவ்வளவு தள்ளினால் இவ்வளவு போகும் என்று முதலில் மனத்தில் படியட்டும், பிறகு வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

'அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்' திறந்தால் ஒரு பழைய பாணிப் பெட்டி வரும். அதில் பாயிண்டர் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் கடைசி வரியைத் தேர்ந்தெடுத்தால், கன்ட்ரோல் விசையைத் தொட்டதும் அம்பைச் சுற்றி வட்டம் வரும். தொலைந்த அம்பைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

மடிக்கணினி என்றால், மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேட் அணைந்திருக்கும்படி செய்துவிடுங்கள். உள்ளங்கை அதில் பட்டு அம்பு தாவினால் அவருக்குக் காரணமே புரியாது.

3. என்ன சொல் சொல்வது என்று முடிவுசெய்யுங்கள்

நான் இதைப் புரிந்துகொள்ள வெகுநாள் ஆனது. நாம் சொல்லும் சொல்லைப் பெரியவர்கள் அப்படியே செய்கிறார்கள். பிழை பல நேரம் நம் வாயில்தான் இருக்கிறது.

"மேலே கொண்டு போங்க" என்றால் மவுஸை மேசையிலிருந்து தூக்குவார்கள். மேலே என்றால் மேலேதானே! "திரைப் பக்கம் தள்ளுங்க" என்று சொல்லுங்கள். கீழே என்பதற்கு "உங்க பக்கம் கொண்டு வாங்க".

"தட்டுங்க" என்றால் விரலை உயர்த்தி மேலிருந்து தட்டுவார்கள், தொலைபேசியில் தட்டுவதுபோல. அந்த அதிர்ச்சியில் மவுஸ் நகர்ந்து குறி தப்பிவிடும். "அழுத்துங்க" என்றால் பலம் கொண்ட மட்டும் அழுத்துவார்கள். "லேசா அமுக்கி விடுங்க" என்பதே எனக்குச் சரியாக வருகிறது.

"இழுங்க" என்ற சொல்லை எட்டாவது படிவரை தொடவே வேண்டாம். அது பொத்தானைப் பிடித்தபடி இழுப்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

4. பிடிக்கும் விதம்

கம்பி நேராகத் திரையைப் பார்க்கட்டும். கட்டைவிரல் ஒரு பக்கம், மோதிர விரலும் சுண்டுவிரலும் மறுபக்கம். ஆட்காட்டி விரல் இடது பொத்தானில், நடுவிரல் வலது பொத்தானில் சும்மா படுத்திருக்கட்டும். மணிக்கட்டின் அடிப்பகுதி மேசையைத் தொட்டால் போதும், அதில் பாரம் ஏற்றவேண்டாம்.

சாய்த்துப் பிடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. மவுஸுக்குத் தன் முன்பக்கம் எது என்று மட்டுமே தெரியும், திரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. மவுஸ் கொஞ்சம் திரும்பியிருந்தாலும், நேராகத் தள்ளும்போது அம்பு கோணலாகப் போகும். அவர் அதைச் சரிக்கட்ட இன்னும் திருப்புவார். கம்பியைக் காட்டி "இது நேரா இருக்கா பாருங்க" என்றால் போதும்.

இடதுகைப் பழக்கம் உள்ளவரா என்று கேளுங்கள். சின்ன வயதில் வலது கைக்கு மாற்றப்பட்டவர்கள் கேட்டால்தான் சொல்வார்கள். இரண்டு கையிலும் பிடித்துப் பார்க்கச் சொல்லி, எது இலகுவோ அதிலேயே தொடங்குங்கள். இடது கை என்றால் இரு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும் மவுஸ் வேண்டும். பொத்தான்களை செட்டிங்ஸில் மாற்றிவிடலாம்.

5. கிளிக் இல்லாத அரை மணி நேரம்

என்னைக் கேட்டால் முழு வழிகாட்டியிலும் இந்தப் படிதான் உயிர். இதைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள்.

அரை மணி நேரம் எந்தப் பொத்தானையும் அமுக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ" என்ற பயம் அதோடு போய்விடும். அமுக்காதவரை எதுவும் அழியாது.

முதலில் நான்கு மூலைகள். அம்பை ஒவ்வொரு மூலைக்கும் கொண்டு போகச் சொல்லுங்கள். திரை விளிம்புக்கு வந்ததும் அம்பு நின்றுவிடும், வெளியே விழாது. அவரே அதைச் செய்து பார்க்கட்டும்.

கண் கைக்கே திரும்பிக்கொண்டிருந்தால், நான் கையின் மேல் ஒரு கைக்குட்டையை மெல்லப் போட்டுவிடுவேன். கை தெரியாவிட்டால் கண் திரைக்குப் போய்விடும். சாப்பிடும்போது கையைப் பார்த்துக்கொண்டா வாய்க்குக் கொண்டுபோகிறோம்? கைக்கு வழி தெரியும் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், திரையின் கீழே வரிசையாக இருக்கும் சின்னங்கள் ஒவ்வொன்றின் மீதும் அம்பை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தினால் பெயர் தோன்றும், அது சரியாக நிறுத்தியதற்கு அடையாளம். அம்பின் நுனிதான் கணக்கு, வால் எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்பதை இங்கே சொல்லுங்கள். அம்பின் நடுப்பகுதியைக் குறிமேல் வைப்பவர்கள் நிறையப் பேர்.

சிறிது நேரத்தில் மவுஸ் மேசை ஓரத்துக்கு வந்துவிடும், அம்பு பாதி வழியில் நிற்கும். கை நீட்டியபடி தவித்துப்போவார். இப்போது தூக்கி வைப்பதைச் சொல்லிக்கொடுங்கள். சட்டைக்கு இஸ்திரி போடும்போது ஓரம் வந்ததும் பெட்டியைத் தூக்கித் திரும்ப இந்தப் பக்கம் வைக்கிறோம் அல்லவா, அதேதான். தூக்கும்போது அம்பு அசையாது, விட்ட இடத்திலேயே காத்திருக்கும். இது ஒருமுறை புரிந்துவிட்டால் முகத்தில் ஒரு தெளிவு வரும் பாருங்கள், அதற்காகவே நான் இந்தப் பாடத்தை விரும்பி எடுக்கிறேன்.

ஒரு முக்கியமான விஷயம்: அவர் கையின் மேல் உங்கள் கையை வைத்து ஓட்டாதீர்கள். உங்கள் கை ஓட்டினால் அவர் கை எதையும் கற்காது. மவுஸ் இருக்கும் பக்கம் உட்காராமல் மறுபக்கம் உட்காருங்கள், எட்டிப் பிடுங்கும் ஆசை உங்களுக்கும் வராது.

6. இடது பொத்தான், ஒரே ஒரு முறை

மூன்று சொல்: போ, நில், அமுக்கு. நின்ற பிறகுதான் அமுக்கவேண்டும். போய்க்கொண்டே அமுக்குவதால்தான் குறி தவறுகிறது. முதலில் அவர் வாய்விட்டே சொல்லட்டும்.

குறி பெரிதாக இருக்கவேண்டும். யூடியூபில் அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக்கொடுங்கள். படத்தின் மேல் எங்கே அமுக்கினாலும் பாட்டு நிற்கும், திரும்ப அமுக்கினால் பாடும். கை அமுக்கியதும் காதுக்குத் தெரிந்துவிடும், தவறினாலும் நட்டமில்லை. அது வந்ததும் கீழே உள்ள ஒலிப் பொத்தான், பிறகு இன்னும் சின்னதாக எதாவது.

விரலை மட்டும் மடக்கவேண்டும், கை அசையக்கூடாது. அமுக்கும்போது மவுஸ் ஓடினால், கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மேசையில் லேசாக ஊன்றச் சொல்லுங்கள், மவுஸ் நின்றுவிடும்.

திரையில் தவறான பொத்தானை அமுக்கிவிட்டால் என்ன செய்வது? விரலை எடுக்காமல் அப்படியே அம்பை வெறும் இடத்துக்கு நகர்த்தி, அங்கே விரலை எடுத்தால் போதும். பெரும்பாலான பொத்தான்கள் விரலை எடுக்கும்போதுதான் வேலை செய்கின்றன. மசேநி (மத்திய சேமநிதி) கணக்கு, வங்கிக் கணக்கு என்று வரும்போது இது பெரிய தைரியம் கொடுக்கும்.

வட்டம் சுழன்றால் கையை மவுஸிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். திறக்கவில்லையே என்று ஐந்து முறை அமுக்கினால் ஐந்து தடவை திறக்கும்.

7. சக்கரம்

இதில் சிக்கல் குறைவு, ஒன்றே ஒன்றைத் தவிர. தொலைபேசியில் விரலை மேலே தள்ளினால் பக்கத்தின் கீழ்ப்பகுதி வரும். மவுஸில் சக்கரத்தைத் தன் பக்கம் உருட்டினால்தான் கீழ்ப்பகுதி வரும். முதலில் தலைகீழாகத் தோன்றும், பத்து நிமிடம் செய்தி படித்தால் பழகிவிடும். பக்கம் நகரவில்லை என்றால் அம்பு வேறு பெட்டியின் மேல் இருக்கிறது என்று பொருள், அந்தப் பக்கத்தின் நடுவே கொண்டுவந்து உருட்டச் சொல்லுங்கள்.

8. பிடித்து இழுத்தல்

அமுக்கு, விடாதே, இழு, விடு. நான்கும் ஒரே மூச்சில் நடக்கவேண்டும். பாதி வழியில் விரல் தளர்ந்துவிடுவதுதான் இங்கே தொல்லை.

கோப்புகளை வைத்துப் பழக்காதீர்கள். நழுவி வேறு எங்காவது விழுந்தால் தேடவேண்டியிருக்கும். வரைபடத்தை எடுங்கள். கூகுள் மேப்ஸில் அவர் வீட்டு 6 இலக்க அஞ்சல் குறியீட்டைத் தட்டச்சு செய்தால் அவருடைய புளோக்கே வந்து நிற்கும். அங்கிருந்து தேக்கா சந்தைவரை வரைபடத்தை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும், சிறிதாகும். விரல் பாதியில் விட்டாலும் வரைபடம் அங்கேயே நிற்கும், திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். ஈசூனில் தொடங்கிய ஓர் அம்மா, அடுத்த வாரம் கும்பகோணத்தில் தன் தெருவையே கண்டுபிடித்திருந்தார். வீட்டில் எத்தனை மணி நேரம் இழுத்தாரோ, கை அவ்வளவு நன்றாகத் திருந்தியிருந்தது.

அது வந்த பிறகு சாலிட்டேர் சீட்டாட்டம். சீட்டைச் சரியான இடத்தில் விட்டால்தான் உட்காரும், இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். தவறுக்குத் தண்டனை இல்லாத நல்ல பயிற்சி.

கோப்பு எதுவும் தவறி எங்கோ விழுந்துவிட்டால் வேறு எதையும் தொடாமல் உடனே கன்ட்ரோல் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அமுக்குங்கள், பழைய இடத்துக்கே வந்துவிடும். எழுத்துகளை இழுத்துத் தேர்ந்தெடுப்பது நடுங்கும் கைக்குக் கடினம். தொடக்கத்தில் ஒருமுறை அமுக்கி, ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு முடிவில் ஒருமுறை அமுக்கினாலும் அதே பலன்தான்.

9. வலது பொத்தானும் இரட்டைக் கிளிக்கும்

வலது பொத்தானைத் தொலைபேசியில் நெடுநேரம் தொட்டிருப்பதற்கு ஒப்பிட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள்: இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் வரும். வேண்டாமென்றால் எஸ்கேப் விசை.

இரட்டைக் கிளிக் என்பது கடைசிப் பாடம். இரண்டு அமுக்கலுக்கு இடையில் விண்டோஸ் கொடுக்கும் நேரம் வழக்கமாக அரை வினாடி, அதற்குள் மவுஸும் அசையக்கூடாது. வயதான விரலுக்கு இது அநியாயமான கேள்வி. வேகத்தைக் குறைக்க மவுஸ் செட்டிங்ஸில் வழி உண்டு. அதைவிட, ஒருமுறை அமுக்கிவிட்டு என்டர் விசையைத் தட்டச் சொல்லுங்கள், திறந்துவிடும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஒற்றைக் கிளிக்கிலேயே கோப்பு திறக்கும்படியும் மாற்றலாம். வீட்டுக் கணினி என்றால் நான் அதைத்தான் செய்துகொடுக்கிறேன்.

இன்னொன்று, இரட்டைக் கிளிக் வந்ததும் எல்லா இடத்திலும் இரட்டையாகவே அமுக்கத் தொடங்குவார்கள். இணையப் பக்கத்தில் எப்போதும் ஒருமுறைதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். பணம் கட்டும் பொத்தானில் இரண்டு முறை அமுக்கினால் வீண் குழப்பம்.

10. அமுக்காமல் நிறுத்திப் பார்த்தல்

தொலைபேசியில் இவ்வளவு எளிதாகச் செய்யமுடியாத ஒன்று இது. ஓர் இணைப்பின் (லிங்க்) மேல் அம்பை நிறுத்தி, அமுக்காமல் இருந்தால், உலாவியின் இடது கீழ் மூலையில் அது உண்மையில் எங்கே போகிறது என்ற முகவரி தோன்றும். மின்னஞ்சலில் மசேநி என்று எழுதியிருக்கும், முகவரியோ வேறு எதுவாகவோ இருக்கும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் 'டாட் கவ் டாட் எஸ்ஜி' (.gov.sg) என்று முடிகிறதா என்று படிக்கப் பழக்குங்கள். சந்தேகம் வந்தால் அமுக்காமல் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிவிடுங்கள்.

தொலைபேசியில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு செயலியை நிறுவிய பிறகு அம்பு தானாக நகர்ந்தால், வேறு யாரோ கணினியை ஓட்டுகிறார்கள். உடனே கணினியை அணைத்துவிட்டு வங்கியை அழைக்கவேண்டும். இதை முதல் மாதத்திலேயே சொல்லிவையுங்கள்.

11. மவுஸ் நின்றுபோனால்

இந்த வரிசையில் பாருங்கள், எளிதானது முதலில். கம்பியைப் பிடுங்கி வேறு துளையில் செருகுங்கள். மேசைப் பரப்பை மாற்றிப் பாருங்கள். மவுஸைத் திருப்பி அடித்துளையில் முடி, தூசி இருக்கிறதா என்று பார்த்துப் பஞ்சுக் குச்சியால் எடுங்கள். அம்பு நடுங்குவதற்கு ஒரே ஒரு முடி போதும்.

கம்பியில்லா மவுஸ் என்றால் அடியில் உள்ள ஆன்-ஆஃப் பொத்தான், பிறகு பேட்டரி. அதன் சின்னச் செருகியை வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தால் சில நேரம் அலைவரிசை இடிபட்டுத் திக்கும், வேறு பக்கம் மாற்றுங்கள்.

ஒருமுறை அமுக்கினால் இரண்டு முறை விழுகிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள். பழைய மவுஸின் பொத்தான் தேய்ந்தால் அப்படித்தான் ஆகும். நீங்கள் ஒரு பத்து முறை அமுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை இரட்டையாக விழுந்தால் அவர் கையில் குறையில்லை, புது மவுஸ் வாங்கிக் கொடுங்கள்.